தாய்க்குப் புரியும் வினா

மொழிபெயர்ப்பு என்றவுடன் காவியங்களையும் புதினங்களையும் நினைப்பதே தமிழ் பயில்வோராகிய நமது வழக்கம். மருத்துவமனையில், இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயிடம் கேட்கப்படும் இருபது வினாக்களும் மொழிபெயர்ப்பே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காவியப் பெயர்ப்பில் பிழை நேரின் சுவை குன்றும். இவ்வினாக்களில் பிழை நேரின் ஒரு குழந்தையின் எதிர்காலம் குன்றும். ஆதலின் இதுவும் தமிழ்த்துறையின் கவனத்திற்கு உரியதே என்பது நமது கருத்து.

சொல்லே கருவி

ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டை 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து விளக்கினார். இதனைக் குருதிச் சோதனையாலோ ஊடுகதிர்ப் படத்தாலோ உறுதி செய்ய இயலாது. குழந்தையின் நடத்தையை உற்றுநோக்கியும் பெற்றோரை வினவியுமே அறிதல் வேண்டும். வெப்பமானி எந்நாட்டிலும் ஒன்றுபோல் அளக்கும், வினாப்பட்டியல் அவ்வாறன்று. அது கேட்பவரின் மொழியையும் விடை தருபவரின் வாழ்வையும் சார்ந்தது.

இத்தகைய பட்டியல்களுள் பெயர்பெற்றது, 2001இல் அமெரிக்காவில் வெளியான ‘எம்-சாட்’. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. அதன் திருத்திய வடிவில் இருபது வினாக்கள் உள்ளன. தமிழ் உட்படப் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டுள்ளது.

அரபு மொழி காட்டும் பாடம்

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபடும் மொழிகளுக்கு எடுத்துக்காட்டாக, 1959இல் ஃபெர்குசன் என்னும் மொழியியலாளர் அரபு மொழியைக் காட்டினார். செய்தித்தாளின் அரபு வேறு. கெய்ரோ நகரத்துத் தாய் குழந்தையைக் கொஞ்சும் அரபு வேறு. மொராக்கோ நாட்டுத் தாயின் அரபு இன்னும் வேறு. எம்-சாட் பட்டியலை ஒன்பது அரபு நாடுகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. எழுத்து ஒன்றாயினும் பேச்சு பலவாகிய மக்களிடம் ஒரே பட்டியலைக் கொண்டு செல்வது எளிய செயலன்று. இரட்டை வழக்குடைய தமிழுக்கும் இச்சிக்கல் பொருந்தும் என்பது வெள்ளிடைமலை.

அரபு மரபே இதற்கு வழியும் காட்டியுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். சொல்லுக்குச் சொல் வைக்காமல், தொடரின் பொருளை உணர்ந்து பெயர்ப்பதே அவர் முறை. தொல்காப்பியமும் மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தது. இரண்டும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: பெயர்ப்பு என்பது படியெடுத்தல் அன்று.

இலங்கையில் நேர்ந்தது

இது வெறும் மொழிநயம் பற்றிய கவலை அன்று. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 2009இல் வெளிவந்தது. அவர்களுள் நால்வருக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியாயிற்று. சிங்களத்தில் பெயர்த்த எம்-சாட் பட்டியல் அந்நால்வருள் ஒருவரையே அடையாளங் காட்டியது, மூவரைத் தவறவிட்டது. பின்னர் அந்நாட்டு மருத்துவர்கள், நடத்தைகளை ஒளிப்படங்களால் விளக்கித் தாயிடம் வினவும் புதிய முறை ஒன்றை வகுத்து 2017இல் வெளியிட்டனர். தாம் பெயர்த்தது போதாது எனக் கண்டபோது, தம் மக்களுக்கு ஏற்பப் புதியது படைத்தனர்.

கீழ்பென்னாத்தூரில் கேட்டால்

இனி, நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூருக்கு வருவோம். மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்த தாயிடம், ‘தூசு உறிஞ்சும் கருவியின் ஒலி கேட்டால் குழந்தை கலங்குகிறதா?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மூலத்தில் உள்ள எடுத்துக்காட்டு அதுவே. குக்கர் விசிலையும் மிக்சி ஒலியையும் திருவிழா ஒலிபெருக்கியையும் கேட்டால் உடனே விடை வரும். பொம்மைக்கு உணவூட்டுகிறதா என்பதைவிடச் சொப்பு வைத்து மண்சோறு ஆக்குகிறதா என்பது தெளிவு.

நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. ஒரு பொருளைக் கேட்டு விரல் நீட்டுவது வேறு; நிலாவைக் கண்டு மகிழ்ந்து, ‘நீயும் பார்’ எனத் தாய்க்குக் காட்டுவது வேறு. மருத்துவர் இரண்டையும் தனித்தனியே வினவுகிறார். நம் மொழியில் இரண்டையும் ‘சுட்டிக்காட்டுதல்’ என்றே எழுதிவிட்டால், முறுக்கு டப்பாவை நோக்கிக் கை நீட்டுவதை நினைத்துத் தாய் ‘ஆமாம்’ என்பார். எதிர்மறை வினாவும் அத்தகையதே. ‘பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா?’ என்றால், திரும்பாத குழந்தையின் தாயும் ‘ஆமாம்’ என்பார். திரும்பும் என்று உறுதி கூற விரும்பும் தாயும் சில வேளை ‘ஆமாம்’ என்பார். வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் இம்மாவட்டத்தில் உள்ளன என்பதையும் மறத்தலாகாது.

எண்களும் மாறும்

சொல் மட்டுமன்று, மதிப்பெண்ணும் ஆராயத்தக்கது. ‘கார்ஸ்’ என்னும் அளவுகோலில் 30 மதிப்பெண்ணே வழக்கமான எல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, இந்தியக் குழந்தைகளுக்கு 33 பொருத்தமானது என 2010இல் காட்டியது. செகந்திராபாத் தேசிய நிறுவனம் 2009இல் உருவாக்கிய இந்திய அளவுகோல் நாற்பது கூறுகள் கொண்டது. 2016இல் மைய அரசு அதனைச் சான்றிதழுக்குரிய அளவுகோலாக அறிவித்தது. அதில் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்பது கணக்கு. அங்கும் ஒரு நடத்தை நூற்றுக்கு இருபது பங்கு நிகழ்கிறதா, நாற்பது பங்கு நிகழ்கிறதா எனப் பகுத்தல் வேண்டும். ‘எப்பவாவது’, ‘அடிக்கடி’, ‘எந்நேரமும்’ என்று பேசும் தாயின் சொல்லை நூற்றுவீதமாக்குவது மொழியறிவு வேண்டும் பணியன்றோ?

நாம் செய்யத்தக்கது

ஊருக்கொரு பட்டியல் எழுதினால் முடிவுகளை ஒப்பிடுவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. அளக்கப்படும் நடத்தை மாறலாகாது. அதனை உணர்த்தும் சொல்லும் எடுத்துக்காட்டுமே மாறல் வேண்டும். மாற்றியதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிட்டு, தாய்மார்களிடம் படித்துக் காட்டி, குழந்தைகளிடம் சோதித்து, எல்லை மதிப்பெண்ணை வரையறுத்தல் வேண்டும். பின்னவை மருத்துவரின் பணி. முன்னவை நம் பணி.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்கின்றன. அவர்கள் கையில் உள்ள வினாக்களை வட்டார வழக்கறிந்த நம் மாணவர்கள் படித்துப் பார்க்கட்டும். வழக்குச்சொல் தொகுப்பை ஏட்டோடு நிறுத்தாமல், மருத்துவர்க்குக் கையளிக்கட்டும். ‘அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்னும் ஆறுதலில் ஆண்டுகள் கழிகின்றன. பயிற்சி பெருந்துணை செய்யக்கூடிய பருவம் அவ்வாண்டுகளே. புரியும் வினா ஒன்று உரிய காலத்தில் கேட்கப்படுமாயின், அவ்வாண்டுகள் அக்குழந்தைக்கு மீளும். தமிழ் கற்றார் செய்யத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்று என வலியுறுத்துகிறோம்.