மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மியூசியத்தில் சீன மரச்சாமான்கள் இருக்கும் அறையைப் பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் கடந்துவிடுவார்கள். "வெறும் டேபிள்தானே!" லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமோ, அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலைக்கூடமோ, அடுத்த முறை போகும்போது அவர்களைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தள்ளி நின்றபடியே மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். "இதுல ஆணி எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று கேளுங்கள்.

தேடினாலும் கிடைக்காது. மிங் அரசர்கள் காலத்துத் (1368–1644) தச்சர்கள் ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி, இன்னொரு கட்டையில் தோண்டிய துளைக்குள் இறுக்கமாகச் சொருகினார்கள். மூலையில் ஒரு மெல்லிய சாய்கோடு மட்டும்தான் வெளியே தெரியும்.

இறுக்கம் அங்கே மட்டும்தான். மேல்பலகை விஷயத்தில் நேர்மாறு. நாலு பக்கச் சட்டங்களிலும் காடி எடுத்து, அதற்குள் பலகையைச் செருகிவிட்டு, நகர இடம் விடுவார்கள். ஈரக்காற்றில் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும். இடம் விடாமல் இறுக்கி ஒட்டினால் ஒருநாள் பலகை வெடித்துவிடும். 400 வருஷமாக அந்த மேசைகள் வெடிக்காமல் நிற்பதற்கு இந்தச் சின்ன இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த கேள்வி: மரம் எங்கேயிருந்து வந்தது? தேன் நிற ஹுவாங்ஹுவாலி, சீனாவின் ஹைனான் தீவு மரம். பின்னால் வந்த சிங் அரண்மனைகள் விரும்பியதோ ஸீதான். கருஞ்சிவப்பு நிறம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர்ப் பக்கத்துச் செம்மரம்தான். இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாகத் திருப்பதியைச் சுற்றிய காடுகளில்.

அந்த ஆசை இன்னும் தீரவில்லை. செம்மரக் கடத்தலும் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்துப்போனார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆணியில்லாத கதை போதும். வளர்ந்த பிள்ளைகளுக்கு மரத்தின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். செம்மரச் சாமான் விலைக்கு வந்தால், முதலில் பேப்பரைக் கேளுங்கள். 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.