மோர்பி கற்றுத் தரும் பாடம்

புது வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு டைல்ஸ் வாங்கினால், அது பெரும்பாலும் மோர்பியிலிருந்துதான் வந்திருக்கும். நாட்டின் பீங்கான் ஓடுகளில் மிகப் பெரும் பங்கு சௌராஷ்டிரத்தின் இந்தச் சிறு நகரிலும் அதைச் சுற்றியும் உற்பத்தியாகிறது. சுவர்க் கடிகாரத்திற்கும் பெயர் பெற்ற ஊர் இது. குஜராத்தில் வாழும் நாம் மோர்பியை அறிந்துகொள்ள இவை மட்டும் காரணமல்ல.

மோர்பி மச்சு நதிக்கரையில் உள்ளது. சமஸ்தானமாக இருந்த காலத்தில் வாக்ஜி தாக்கோர், லக்தீர்ஜி ஆகிய மன்னர்கள் அழகு பார்த்துக் கட்டிய நகரம். தொங்கு பாலமும் மணிமந்திரும் அக்காலத்தவை. ஆற்று மண்ணில் கூரை ஓடு சுட்டுப் பழகிய கைகளே பின்னாளில் பளபளக்கும் தரை ஓடுகளுக்கு வந்தன.

வாழ வைத்த அந்த ஆறே 1979 ஆகஸ்ட் 11 பிற்பகலில் ஊரை அழித்தது. மேலே இருந்த மச்சு-2 அணையின் மதகுகள் வெளியேற்றக்கூடிய அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீர் வந்தது. இருபுறமும் இருந்த மண்கரைகளின் மேல் நீர் வழிந்து அவற்றைக் கரைத்தது. அணை உடைந்த செய்தி ஊருக்கு எட்டுமுன் வெள்ளம் எட்டிவிட்டது. மாண்டவர்கள் 1,800 பேர் என்பாரும் உண்டு. 25,000 பேர் என்பாரும் உண்டு. இறந்தவர்களைச் சரியாக எண்ணக்கூட நம்மால் முடியவில்லை.

இதைவிட வேதனை, பின்னால் நடந்தது. காரணங்களை ஆராய அமைத்த விசாரணைக் கமிஷன், அறிக்கை தருமுன்பே 1981-இல் கலைக்கப்பட்டது.

மோர்பி மக்கள் சேற்றை வாரி எறிந்துவிட்டு மறுபடி சூளை மூட்டினார்கள். 2001 பூகம்பத்துக்குப் பிறகும் அப்படியே எழுந்தார்கள். உழைப்பாளிகள், தலைவணங்க வேண்டியவர்கள். ஆனால் 'விழுந்தாலும் எழுவார்கள்' என்று ஓயாமல் புகழ்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏன் விழுந்தார்கள் என்ற கேள்வியை அந்தப் புகழ்ச்சி மறைத்துவிடுகிறது. 2022 அக்டோபர் 30 அன்று, பழுதுபார்த்துத் திறந்த சில நாட்களிலேயே அதே மச்சு நதியின் மேல் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் மாண்டார்கள். பாலத்தின் கம்பிவடத்தில் பல இழைகள் முன்னரே துருப்பிடித்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. 1979-இன் குற்றம் குறைகள் வெளிச்சத்துக்கு வந்திருந்தால், மேற்பார்வை என்ற சொல்லுக்கு அந்த ஊரில் இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பிழைப்புக்காக வந்தவர்கள் வாடகை குறைந்த இடத்தைத் தேடுகிறோம். ஆற்றோரத் தாழ்வான பகுதியில்தான் அது கிடைக்கிறது. 2006-இல் உகாய் அணை நீர் சூரத்தை மூழ்கடித்தது. 2024-இல் விசுவாமித்திரி வதோதராவுக்குள் புகுந்தது. 2015-இல் சென்னையில் அடையாற்றுக் கரையில் நம் சொந்தங்கள் பட்டதையும் மறக்க முடியாது. உள்ளூர்க்காரருக்குப் பழைய வெள்ளம் எந்தச் சுவர் வரை வந்தது என்று தாத்தா சொல்லியிருப்பார். வந்தேறிய நமக்கு யார் சொல்வது? குஜராத்தி வாசிக்கத் தெரியாத நம் பெரியவர்களுக்கு எச்சரிக்கையைப் படித்துக் காட்டுவது யார்?

இதைச் சங்கம் செய்யலாம். பொங்கல் விழாவுக்கு வீடு வீடாகச் செல்லும்போதே, எந்தக் குடும்பம் ஆற்றோரம் வசிக்கிறது, வீட்டில் நடக்க முடியாத முதியவர் உண்டா, மேட்டுப் பகுதியில் யார் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். மழைக்காலத்தில் அணை நிலவரத்தைத் தமிழில் சொல்லப் பகுதிக்கு ஒருவர் பொறுப்பேற்கலாம். பெரிய செலவில்லை; மனம்தான் வேண்டும்.

விசாரணைகளை முடித்து வைப்பது அரசின் கடமை. அதைக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் தண்ணீர் வாசலுக்கு வரும் இரவில் முதலில் கதவைத் தட்டப்போவது அண்டை வீட்டுக்காரர்தான். அந்த அண்டை வீட்டுக்காரராக நாம் இருப்போம்.