பத்து நிமிடப் பகலும் இரவெல்லாம் எரியும் விளக்கும்

மாணவர்களே, இன்று பள்ளி விட்டு வரும் வழியில், கடை அஞ்சடியில் தத்தித் திரியும் சிட்டுக்குருவியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுமார் இருபது கிராம் எடைதான். ஆனால் அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல்! உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அது எவ்வளவு எரிய வேண்டும் என்பதில் குளிருக்கு மட்டுமல்ல, பகலின் நீளத்துக்கும் பங்கு உண்டு.

சீனாவின் வென்சோ நகர ஆய்வாளர்கள், நம் தோட்டத்து மெர்பாவின் உறவான சின்னான் பறவைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு நீண்ட பகல், மற்றதற்குக் குறுகிய பகல். வெப்பநிலை ஒன்றேதான். சில வாரங்களில், குறுகிய பகலில் இருந்தவை அதிகம் தின்றன, எடை கூடின, சும்மா இருக்கும்போதே கூடுதல் வெப்பத்தை உண்டாக்கின. குளிர் வரவே இல்லை. பகல் குறைந்ததே 'குளிர் வருகிறது' என்ற அறிவிப்பாகிவிட்டது. பறவையின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் உயிரணுக்கள் உண்டு. மண்டையோட்டைக் கடந்து கசியும் வெளிச்சம்கூட அவற்றை எட்டிவிடும்.

"நமக்கேது குளிர்காலம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வென்சோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் மூன்றரை மணி நேரம். ஜொகூர் பாருவில் அது சுமார் 10 நிமிடமே. அதற்காக, இங்குள்ள பறவைகளுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பனாமா காட்டில் வாழும் ஒரு சிறு பறவை, பகல் 17 நிமிடம் நீண்டதையே உணர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாரானதை 1998இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இயற்கை ஓராண்டில் 10 நிமிடமே மாற்றும் ஊரில், பறவை உறங்கும் மரத்தின் மேல் நாம் விடிய விடிய விளக்கடிக்கிறோம். ஜெர்மனியில் கரும்பறவைகளின் கூண்டில் இரவில் 0.3 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம் வைத்தார்கள். அவை ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டன. அது உடல் வெப்பம் பற்றிய ஆய்வல்ல. ஆனால் வெப்பத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் சேதி சொல்வது அதே வெளிச்சம்தானே?

சாலை விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை. இரவில் டியூஷன் முடிந்து நீங்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அழகுக்காக மரத்தை நோக்கித் திருப்பிய விளக்குகளைத்தான் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் அப்படி எத்தனை எரிகின்றன? காவலர் அண்ணனைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.