ஷிஃப்லாஞ்ச் ஆலையில் ஊதிய சங்கு

லக்ஸம்பர்க் ஒரு சின்னஞ்சிறு தேசம். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்றுக்கும் நடுவே சுமார் 1,000 சதுர மைல் பூமி. அன்று ஜனத்தொகை 3 லட்சம்கூட இல்லை. இரும்புச் சுரங்கமும் உருக்காலையும் வயலும்தான் அதன் பிழைப்பு. 1940 மே 10-ல் ஹிட்லரின் படை அதை விழுங்கியது.

விழுங்கியவர்கள், "நீங்களும் ஜெர்மானியரே" என்று உபதேசம் செய்தார்கள். பிரெஞ்சு மொழியைத் தடுத்தார்கள்; ஆட்களின் பெயரையும் தெருக்களின் பெயரையும் மாற்றினார்கள். 1941 அக்டோபரில் குடிக்கணக்கு எடுக்க வந்தார்கள். நாடு எது, தாய்மொழி எது, இனம் எது என்று கேள்வி. மூன்றுக்கும் லக்ஸம்பர்க் என்றே எழுதுங்கள் என்று ரகசியத் துண்டுப் பிரசுரங்கள் பரவின. ஜனங்களின் பதில் எப்படியிருக்கும் என்று தெரிந்ததும் நாஜி அதிகாரி குஸ்தாவ் ஸிமோன் கணக்கெடுப்பையே கைவிட்டான்.

1942 ஆகஸ்ட் 30-ல் அடுத்த இடி விழுந்தது. வாலிபர்கள் ஹிட்லர் பட்டாளத்தில் சேர்ந்தே தீரவேண்டும் என்று உத்தரவு. மறுநாளே வில்ட்ஸ் நகரத்துத் தோல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அன்று மாலை ஷிஃப்லாஞ்ச் உருக்காலையில் நேரமல்லாத நேரத்தில் சங்கு ஊதியது. உலையை விட்டு வெளியே வந்தார்கள் தொழிலாளர்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். பால் விநியோகமும் நின்றது.

நாஜிகள் ராணுவச் சட்டம் போட்டார்கள். விசாரணை என்ற பெயரில் நாடகம் நடத்தி, 20 பேரை ஹின்ஸர்ட் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். பல குடும்பங்களை நாடு கடத்தினார்கள். பட்டாள உத்தரவு வாபஸாகவில்லை. 10,000-க்கு மேற்பட்ட வாலிபர்கள் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் வீடு திரும்பவில்லை.

அப்படியானால் அந்த உயிர்கள் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. லக்ஸம்பர்க் மனமுவந்து ஜெர்மனியோடு சேர்ந்தது என்ற பொய்யை அந்த வேலைநிறுத்தம் உலகத்தின் முன் உடைத்தது. பட்டாளத்துக்குப் போக மறுத்தும், தப்பி ஓடியும் ஆயிரக்கணக்கானோர் ஒளிந்து வாழ்ந்தார்கள். சுரங்கத்திலும் தானியக் களஞ்சியத்திலும் அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் யார்? சுரங்கத் தொழிலாளியும் விவசாயியும்தான். பிடிபட்டால் தங்களுக்கு என்ன கதி என்பது 1942 செப்டம்பரிலேயே அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கதவைத் திறந்தார்கள். 1944 செப்டம்பரில் நாடு விடுதலை பெறும்வரை அந்தக் கதவுகள் அடைபடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று ஷிஃப்லாஞ்சில் சங்கை ஊதியவர் ஹான்ஸ் ஆடம் என்ற தொழிலாளி. அவர் ஜெர்மன் பிரஜை. கொலோன் நகரத்துச் சிறையில் நாஜிகள் அவர் தலையை வெட்டினார்கள். லக்ஸம்பர்க் ஜனங்கள் அவரையும் தங்கள் தியாகிகளில் ஒருவராகச் சேர்த்து 21 என்றே எண்ணுகிறார்கள். ஜெர்மானியன் என்றால் எதிரி என்று பேசுவோர் அந்த எண்ணிக்கையைக் கவனிக்கட்டும்.