பின்புறத்து அறைக்கு யாரிடம் அனுமதி?

கல்யாணமான மகனுக்கு ஓர் அறை. மழைக்கு ஒழுகாத ஒரு குசினி. வளர்ந்த பெண்பிள்ளை இருட்டில் வெளியே போகாமல் இருக்க, வீட்டோடு சேர்ந்த ஒரு மலசலகூடம். தோட்டத்துக் குடும்பம் கேட்பது இவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தாய் தகப்பன், பிள்ளைகள், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் முடங்கிக் கிடக்கும்போது, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பின்பக்கம் நாலு வரிசைக் கல் வைக்கத் தோன்றுவது இயல்பு. வண்ணாத்திவில்லுப் பகுதியின் தென்னந்தோட்டங்களிலும் மரமுந்திரிகைத் தோட்டங்களிலும் பலர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குக் காசில்லாதவர்கள் கிடுகாலும் தகரத்தாலும் இறக்கியிருக்கிறார்கள். அதைக் குற்றமென்று சொல்ல எமக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சுவர் யாருடைய சொல்லை நம்பி நிற்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

சட்டம் என்னவோ பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம்தான் இன்றும் அடிப்படை. புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, இருக்கிற வீட்டைப் பெருப்பிப்பதற்கும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். எமது பகுதியில் அது பிரதேச சபை. விண்ணப்பத்தோடு வரைபடம், காணியின் நில அளவைப் படம், உறுதியின் பிரதி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து இடம் பார்ப்பார்கள். கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள்.

இங்கேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தவறான வாசலில் நின்று திரும்புவோர் இன்னும் இருக்கிறார்கள். கட்டடத்துக்கு அனுமதி தருவது சபை. அரச காணிக்குப் பொறுப்பு செயலகம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியில் இருப்பவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் பேசிவிட்டுத்தான் சபைக்குப் போக வேண்டும். அனுமதிப்பத்திரம் இறந்துபோன தகப்பன் பெயரிலேயே கிடந்தால், பெயரை மாற்றும் வேலையை இன்றே தொடங்குங்கள். அறை பிறகு.

பத்திரம் இருப்பவர்களுக்கு வழி உண்டு, அலைச்சல்தான் மிச்சம். பத்திரமே இல்லாதவர்களின் நிலை என்ன? தோட்டக் குடியிருப்பில் இருக்கும் எமது அங்கத்தவர் எந்த உறுதியைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார்?

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் வயலல்லாத காணிக்கு ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்ச எல்லை விதித்தது. அதற்குட்பட்ட தென்னந்தோட்டங்கள் தனியார் கையிலேயே தங்கின. ஆகவே மலையகத் தொழிலாளி கம்பனியோடு பேசுவதுபோல இங்கே பேச முடியாது. இங்கே இருப்பவர் ஒரு முதலாளி. அவர் நல்லவராக இருந்தால், 'கட்டிக்கொள்' என்று வாயால் சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பி வாழ்நாள் சேமிப்பைச் சீமெந்தாக்குகிறோம். தோட்டம் கைமாறினாலோ, துண்டுபோட்டு விற்கப்பட்டாலோ, அந்தச் சொல் பழைய முதலாளியோடு போய்விடும். புதியவர் கேட்பது ஒரே கேள்வி: எங்கே கடிதம்?

மலையகத்திலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகே, 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற பேச்சு வேகம் பிடித்தது. இந்திய உதவியில் முதலில் கட்டப்பட்ட 4,000 தோட்ட வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே ஒதுக்கப்பட்டன. அந்த மக்களுக்குக் கிடைத்ததில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தோட்டத் தொழிலாளி என்றால் தேயிலைக் கூடையோடுதான் இருப்பார் என்ற நினைப்பைக் கொழும்பு எப்போது கைவிடப்போகிறது? தேங்காய் பறிப்பவரும் மட்டை உரிப்பவரும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பத்திரம் இல்லாததால் பறிபோவது சுவர் மட்டுமல்ல. ஊழியர் சேமலாப நிதியில் எமது சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் சேர்கிறது. 2012 ஆம் ஆண்டின் திருத்தத்தால், 10 வருடம் பங்களித்து 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் மீதி உள்ளவர், ஓய்வுபெறும் முன்பே வீட்டுத் தேவைக்காக அதில் 30 வீதம் வரை எடுக்கலாம். எமது வியர்வைக் காசு அது. ஆனால் வீட்டுக் காரணம் சொல்லி எடுப்பதற்குக் காணிக்கும் கட்டடத்துக்கும் பத்திரம் காட்ட வேண்டும். வங்கிக் கடனும் அப்படியே. காணி இல்லாதவனுக்குத் தன் காசும் தனக்கில்லை. கடைசியில் வட்டிக்குக் கொடுப்பவனிடம் போய் நிற்கிறோம்.

சபைகள் தோட்டத்துக்குள் தலையிட முடியாது என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. தோட்ட மக்களுக்கும் சேவை செய்ய வழி திறந்தது. வழி திறந்தால் போதாது, நடக்கவும் வேண்டும். தோட்டக் குடியிருப்பாளர் தன் வீட்டைப் பெருப்பிக்க விரும்பினால், காணி உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தரவோ, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்லவோ கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு வரும் விண்ணப்பத்தைச் சபை உறுதி இல்லையென்று தட்டிக்கழிக்கக் கூடாது. தோட்டம் கைமாறும்போது அந்தச் சம்மதம் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்த வேண்டும். இவை எமது கோரிக்கைகள். வரும் பேச்சுவார்த்தைகளில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் மேசையில் வைப்போம்.

அதுவரை அங்கத்தவர்கள் செய்ய வேண்டியவை சில. வாய்ச் சம்மதத்தில் அத்திவாரம் வெட்டாதீர்கள். இரண்டு வரியானாலும் திகதியோடு எழுதி, கையொப்பத்தோடு வாங்குங்கள். கடலோரம், களப்போரம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. வில்பத்துப் பக்கம் காட்டோரத்தில் இருப்பவர்கள் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டு காலடி வையுங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறதென்று பயந்து திரும்பாதீர்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. விண்ணப்பத்தைக் கொடுத்ததும் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். மாதக்கணக்கில் பதில் இல்லையானால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பு எங்கே நிற்கிறதென்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதத் தெரியாதவர்கள் பற்றுச்சீட்டோடு கிளைத் தலைவரிடம் வாருங்கள், எழுதித் தருவோம்.