ஆடுமா இந்த லேப்டாப்?



ஆண்டு மலரில் கருத்துக் கட்டுரை என்றால் தொலைக்காட்சி நன்மையா தீமையா, கைப்பேசி வரமா சாபமா என்று எழுதுவதே வழக்கம். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அவற்றை விட்டுவிட்டு, ஓசூரில் பல வீடுகளில் சோற்றுத் தட்டின் முன்னே சண்டை மூட்டும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். "இந்த லேப்டாப்பில் அந்த கேம் ஓடுமா?" என்பதே அக்கேள்வி.

இதற்கு மூன்று பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. "இதில் ஓடாது, புதுசு எடுக்கணும்" என்கிறார் அண்ணன். "ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, மூடி வைத்துவிட்டுப் படி" என்கிறார் அப்பா. "எல்லாம் ஓடும் சார், கேமிங் லேப்டாப்" என்கிறார் கடைக்காரர். மூவரில் ஒருவரும் அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தால் சண்டைக்கே இடமில்லை, ஏனெனில் இது விருப்பு வெறுப்புக் கேள்வி அன்று. நம் கணக்கு நோட்டில் போட்டு முடிக்கக்கூடிய கேள்வி. பணம் எடுத்து வைக்குமுன் அந்தக் கணக்கை யாரேனும் ஒருவர் போட்டே தீரவேண்டும், அந்த ஒருவர் வீட்டுப் பெண்பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது என்பதே எங்கள் வாதம்.

முதலில் கிராபிக்ஸ் கார்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். திரை என்பது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆன கோலம். இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. படம் வழுக்கிக்கொண்டு ஓட நொடிக்கு 60 முறை அத்தனை புள்ளிகளுக்கும் புதிதாக நிறம் தீட்ட வேண்டும். அதாவது நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்! இந்தக் கூலி வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு. இப்போது திரை அளவை 1366க்கு 768 என்று குறைத்து, நொடிக்கு 30 படம் போதும் என்று வைத்துக்கொண்டால் வேலை 3 கோடியே 14 லட்சம் புள்ளிகளாகிவிடுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆகவே "ஓடுமா?" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. எந்த அளவில், நொடிக்கு எத்தனை படம் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் முழுக் கேள்வி.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கிடைத்தன. எங்கள் அக்காமார் பலர் வீட்டில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். மறுபக்கம், அண்ணன்மார் விரும்பி ஆடும் வேலரண்ட் என்ற ஆட்டம். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்டது. ஐவருக்கு ஐவர் மோதுவது. நொடிக்கு 30 படத்துக்குக் குறைந்தது இன்டெல் எச்.டி. 4000, 60 படத்துக்கு ஜீஃபோர்ஸ் ஜி.டி. 730, 144 படத்துக்கு ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று அந்நிறுவனமே அட்டவணை போட்டுத் தந்திருக்கிறது. எச்.டி. 4000 சந்தைக்கு வந்தது 2012ல். 2011ல் கொடுக்கப்பட்ட கணினிக்குள் அது இருந்திருக்க வழியே இல்லை! பெட்டியைத் தொடாமலே ஆண்டைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். அத்திட்டத்துக் கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸிலும் இந்த ஆட்டம் ஓடாது, விண்டோஸில் மட்டுமே ஓடும். விண்டோஸ் 11 என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இயக்கத்தில் இருக்கவேண்டும் என்கிறது. கார்டு பலமாக இருந்தும் இந்த ஒன்றில் தடுக்கி விழும் கணினிகள் உண்டு.

அக்கா வாங்கிய மடிக்கணினிக்கு ஆடத் தகுதியில்லை என்று இதைப் படித்துவிட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். அது ஆடுவதற்காக வந்ததே அல்லவே! பாடம் படிக்க வந்தது, படிக்க உதவியது. ஒரு கருவியை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சரி, வீட்டில் இருக்கும் கணினியில் என்ன கார்டு என்று அறிவது எப்படி? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் ஜி.பி.யு. என்று இருப்பதே கார்டின் பெயர். இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு, பெற்றோர் கவனிக்க வேண்டும். தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் வேலைக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ரேமிலிருந்து கடன் வாங்கும். 8 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் அதில் ஏறத்தாழப் பாதியை ஷேர்டு ஜி.பி.யு. மெமரி என்று காட்டும். அதைச் சுட்டிக்காட்டி "நாலு ஜி.பி. கிராபிக்ஸ் இருக்கு" என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் டெடிகேட்டட் என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ளதுதான் சொந்தப் பணம்; மற்றது கைமாற்று.

கைமாற்று வாங்கி வாழ்வதிலும் சாமர்த்தியம் உண்டு. டி.டி.ஆர்.4 3200 வகை ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜி.பி. வரைதான் போக்குவரத்து. இரண்டு துண்டாகப் போட்டால் 51.2. ஒரு குழாயில் குடம் நிரப்புவதற்கும் இரண்டு குழாயில் நிரப்புவதற்கும் உள்ள வித்தியாசமே. தனிக் கார்டு இல்லாத கணினியில் புது லேப்டாப் வாங்காமலே படம் தெளியும் வழி பல வேளைகளில் இதுதான். சில கணினிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் இது முடியாது. எத்தனை துளை, எத்தனை நிரம்பியது என்று டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கமே சொல்லும்.

இனி தனிக் கார்டு உள்ள கணினிகளைப் பற்றி. இதில்தான் எங்களுக்குக் கோபமே. மிக்ஸி வாங்கப் போகும் அம்மா 500 வாட்டா 750 வாட்டா என்று கேட்காமல் வருகிறாரா? இட்லி மாவு அரைக்கும் பொருளுக்கே அத்தனை விசாரணை. ஆனால் பல மாதத் தவணையில் வாங்கும் மடிக்கணினியில் யாரும் வாட் கேட்பதில்லை. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 மடிக்கணினிக் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் பொருத்தப்படலாம். ஆர்.டி.எக்ஸ். 3050 என்றால் 35 முதல் 80 வரை. பெயர் ஒன்று, ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே பலம் வேறு. எத்தனை வாட் என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிறிய எழுத்தில் இருக்கும், ஸ்டிக்கரில் இராது.

சூடு அடுத்த விஷயம். கடையில் ஐந்து நிமிடம் ஆட்டிக் காட்டுவது பரீட்சை ஆகாது. சூடேறியதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றினாலும் பெரும்பாலும் வேகம் குறைந்துவிடும். ஆகவே சார்ஜர் மாட்டி, இருபது நிமிடமாவது விட்டுப் பார்த்தபின் வரும் எண்ணே உண்மையான எண். மெத்தைமேல் வைத்து ஆடி, காற்றுத் துளையை அடைத்துவிட்டுக் கணினியைத் திட்டுவோரைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கார்டு செய்யாத குற்றத்துக்கும் பழி ஏற்கிறது. ஆன்லைன் ஆட்டத்தில் படம் தீட்டுவது நம் கணினி. எதிராளி எங்கே நிற்கிறான் என்ற செய்தி வருவது வெளியிலிருந்து. வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஓசூரிலிருந்து மும்பைக்கு ஆயிரம் கிலோமீட்டர் கம்பி என்று கொண்டால் போய்வர நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். மிச்சத் தாமதமெல்லாம் வழியில் உள்ள சாதனங்களிலும் நம் வீட்டு வைஃபையிலும் ஆவது. நாம் திரும்பும்போது காட்சி தத்தினால் கார்டின் குறை. காட்சி தெளிவாக ஓடி, எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கே தாவினால் இணைப்பின் குறை. நொடிக்கு எத்தனை படம், செய்தி போய்வர எவ்வளவு நேரம் என்ற இரண்டு எண்களையும் ஆட்டத்தின் அமைப்புகளிலேயே திரையில் தெரியுமாறு வைக்கலாம். இணைப்பின் குறைக்கு எத்தனை விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் தீராது.

"பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? ஆட்டம் ஆடிக் கெட்டுப்போகவா?" என்று பெரியவர்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. அவர்கள் அச்சத்தை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டம் வேறு. அதனைக் கட்டுப்படுத்தத் தமிழகச் சட்டம் 2023ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வேலரண்ட் அந்த வகை அன்று. எனினும் துப்பாக்கி ஆட்டம்தான். அலங்காரப் பொருள்களைக் காசுக்கு விற்கவும் செய்கிறது. வயது விஷயத்தில் அமெரிக்க முத்திரை 13 என்கிறது, ஐரோப்பிய முத்திரை 16 என்கிறது. பதினைந்து வயதான நாங்கள் அட்லாண்டிக் கடலின் எந்தக் கரையில் நிற்பது? ஆடலாமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஓடுமா என்பதை மட்டும் எங்களிடம் விடச் சொல்கிறோம். நாளை கட்டட வரைபடமோ மருத்துவப் படமோ போட நமக்கே ஒரு கணினி வாங்கும்போதும் இதே கணக்குத்தான்.

நாம் வாழும் மாவட்டத்தைப் பாருங்கள். 1980களில் டைட்டன் இங்கு வந்த நாள் முதல் நுண்ணிய வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் ஓசூர். இன்று டாட்டா எலக்ட்ரானிக்ஸில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கைப்பேசிப் பாகங்கள் செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021ல் அறிவித்தது. அந்த ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும் அதே பெண்ணிடம் "லேப்டாப் விஷயமா? அது உனக்குப் புரியாது, தம்பியைக் கேள்" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. இது எங்களுக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்ல அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். தந்தை சிப்காட்டில் மாறி மாறி மூன்று ஷிப்டும் பார்ப்பவர். தாய் அத்திப்பள்ளி தாண்டித் தையல் ஆலைக்குப் போகிறவர். இருவரும் கட்டிய சீட்டு அவளுடைய பிளஸ் ஒன் செலவுக்கென்று வைத்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன், பழைய கணினியில் எதுவும் ஓடவில்லை, தனிக் கார்டு உள்ளது வாங்க வேண்டும் என்றார். சீட்டுப் பணம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. தோழி மூன்று விசைகளை அழுத்திப் பார்த்தாள். தனிக் கார்டு இல்லை. ரேம் 8 ஜி.பி., இரண்டு துளையில் ஒன்று காலி. திரை அளவை 1366க்கு 768 ஆக்கியதும் தத்திய காட்சி தெளிந்தது. எதிராளிகள் மட்டும் இன்னும் தாவினார்கள். அம்மா கைப்பேசியில் சீரியல் பார்த்து முடித்ததும் அதுவும் நின்றது! "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று அப்பா கேட்டாராம்.

அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. இறுதி ஆண்டில் முப்பரிமாண வரைபடம் போடவேண்டும், அதற்கு இது போதாது என்கிறார். அது நியாயமாகவும் இருக்கலாம்; அந்த மென்பொருள் என்ன கேட்கிறது என்று பார்த்தால் தெரியும். இப்போதைக்கு ரேம் துண்டு ஒன்று மட்டும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வந்திருக்கிறது. சீட்டுப் பணம் பாங்கில் அவள் பெயரில் போடப்பட்டிருக்கிறது. அண்ணன் கேட்கும் கணினிக்கு மூன்று கடைகளில் கார்டின் வாட்டை எழுதி வாங்கி வரும்படி அப்பா இருவரையும் சேர்த்தே அனுப்பினார். இரண்டு கடைகள் எழுதிக் கொடுத்தன. ஒரே பெயருள்ள கார்டு, ஆனால் எண் வேறு வேறு. மூன்றாம் கடைக்காரர் தோழியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாம்மா, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.