எம்.எஸ்ஸி. முடித்த பிறகு மறுபடியும் நீட்டா?

புனேயில் நம்ம ஆட்கள் நாலு குடும்பம் கூடினால் பேச்சு மூன்றாவது நிமிஷம் பிள்ளைகள் படிப்புக்கு வந்துவிடும். போன வாரம் அப்படித்தான். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரர், "சார், பையன் எம்.எஸ்ஸி. பயோடெக் முடிக்கப் போறான். மறுபடியும் நீட் எழுதறேங்கறான். முன்னாடி எழுதினப்போ மார்க் ரொம்பக் கம்மி. நீங்க அனுபவப்பட்டவர், சொல்லுங்க" என்றார். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

என் மகள் 2018-லும் 2019-லும் நீட் எழுதினாள். இரண்டாவது முறை 720-க்கு 389. உயிரியல் 250, வேதியியல் 98, இயற்பியல் 41. தகுதி பெற்றாள், ஆனால் அரசுக் கல்லூரி கிடைக்காது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். "சரி கண்ணு, பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி சேர்ந்துக்கோ" என்றேன். பிறகு எம்.எஸ்ஸி. நன்றாகவே படித்தாள். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

2024-ல் எம்.எஸ்ஸி. ரிசல்ட் வந்த அன்று ராத்திரி, சாப்பிடும்போது, "அப்பா, இன்னொரு தடவை எழுதட்டுமா?" என்றாள். தங்கமணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கோபப்பட்டேன். 23 வயசு. இப்போது சேர்ந்தாலும் நாலரை வருஷம், அதன்மேல் ஒரு வருஷம் பயிற்சி. ஊரில் என் அக்கா ஏற்கெனவே ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோபம் தணிந்து விதிகளைப் படித்தபோதுதான் சில விஷயங்கள் புரிந்தன. வயது தடையே இல்லை. பொதுப் பிரிவுக்கு இருந்த 25 வயது உச்சவரம்பை 2022 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். நீட் மதிப்பெண் அந்த ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். பழைய 389-ஐ யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே கையோடு, எம்.எஸ்ஸி.யில் வாங்கிய முதல் வகுப்பையும் யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் முதுகலை மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள், எம்கேட் எழுதிய பழைய கணக்கும் கூடவே போகும். நம்மூரில் கறையும் இல்லை, பெருமையும் இல்லை. தரவரிசை ஒன்றுதான்.

அவள் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தாள். உயிரியல் 262, வேதியியல் 71, இயற்பியல் 19. மொத்தம் 352. இரண்டு பட்டம் வாங்கியும் 37 மார்க் குறைந்திருந்தது!

இதைத்தான் பெற்றோர் பலரும் கவனிப்பதில்லை. "மேல்படிப்புப் படிச்சிருக்கான், இப்போ ஈஸியா வந்துடும்" என்கிறோம். நீட் கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை. எம்.எஸ்ஸி. ஏற்கெனவே பலமாக இருந்த உயிரியலை இன்னும் கொஞ்சம் பலமாக்கியது. கவிழ்த்துவிட்ட இயற்பியலை ஐந்து வருஷம் தொடாமலே விட்டுவிட்டது. ஆகவே மறுபடி எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில்: போன தடவை ஏன் குறைந்தது என்று பிள்ளையால் பாடவாரியாகச் சொல்ல முடிந்தால் எழுதட்டும். "அப்போ சரியா படிக்கலை" என்பது பதில் இல்லை.

வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம்தான். மீதி 85 சதவீதம் மாநிலத்தின் கையில். மகாராஷ்டிரத்தில் அதற்கு இருப்பிடச் சான்று மட்டும் போதாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இங்கேயே படித்திருக்க வேண்டும். "நல்ல கோச்சிங்" என்று பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் விடுதிக்கு அனுப்பியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தார்களா? தமிழ்நாட்டுப் பக்கம் போனாலோ, வெளியில் படித்த பிள்ளைக்குப் பூர்வீகச் சான்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் காகிதம் சரியில்லாமல் நடுவில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் வாங்கும் முன்பு, எந்த மாநில ஒதுக்கீட்டில் பிள்ளை வரும் என்று அந்த வருஷத்துக் கையேட்டை எடுத்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஒரே ஒரு வருஷம். காலையில் முழுக்க இயற்பியல். உறவினர் யாருக்கும் விளக்கம் சொல்லும் வேலை அவளுக்கு இல்லை, அது எங்கள் பொறுப்பு. அக்காவுக்குப் போன் செய்து நானே பேசினேன். அரை மணி நேரம் ஆனது!

2025 மே மாதம் எழுதினாள். அந்த வருஷம் இயற்பியல் ரொம்பக் கடினம் என்று எல்லோருமே சொன்னார்கள். அவளுக்கு அதில் 84, வேதியியலில் 103, உயிரியலில் 266. மொத்தம் 453. போன தடவையைவிட 64 கூடுதல். அரசுக் கல்லூரிக்கு அதுவும் போதவில்லை.

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய பகுதி. "இன்னும் ஒரே ஒரு வருஷம் பாரு கண்ணு. இல்லேன்னா ஃபிளாட்டை வெச்சுக் கடன் வாங்கலாம்" என்றவன் நான்தான். ஒரு வருஷம் முன்பு கோபப்பட்ட அதே ஆள். அவள் சிரித்துவிட்டு, "ஒப்பந்தம் ஒரு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க அப்பா" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் ஆசை அவளுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று அதுவரை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறாள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அவள் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்துச்சீட்டு எழுதுகிறார். எம்.எஸ்ஸி.யைக் காத்திருப்பு அறை மாதிரி நினைத்தவன் நான். அவள் அப்படி நினைக்கவில்லை.

அந்த வருஷம் வீணா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். கேட்ட அன்றே மறுத்திருந்தால் நாற்பது வயதிலும் அந்தக் கேள்வி அவளுக்குள் இருந்திருக்கும். இருபத்து மூன்று லட்சம் பேர் வரை பதிவு செய்கிற தேர்வில், லட்சத்துக்குச் சற்று மேல் எம்.பி.பி.எஸ். இடங்கள். கிடைக்காமல் போவது அதிசயமில்லை.

ஆக, திருநெல்வேலி நண்பருக்கு: பையனை எழுத விடுங்கள். எதில் சறுக்கினான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். கடைசித் தேதியை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தத் தேதி வந்ததும் அதை மீறப் போவது நீங்களாக இருக்கக் கூடாது :-)

உங்கள் வீட்டில் எப்படி முடிவெடுத்தீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.